மூன்று ஆயுளா, 21 வருடமா? 1615இல் அல்ஸ்டரில் நிலம் எடுப்பவர் பார்க்க வேண்டியவை

ஓர் ஏக்கருக்கு வருடத்துக்கு ஒன்றேகால் பென்னி சொச்சம். 1610இல் அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரை முதலாம் ஜேம்ஸ் அரசர் பங்கு போட்டபோது, அங்கே குடியேற்றம் நடத்த முன்வந்த இங்கிலாந்து, ஸ்காட்லாந்துக் கனவான்களிடம் கேட்ட வரி இவ்வளவுதான். 1,000 ஏக்கருக்கு 5 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்னி. அதையும் 1614 வரை கட்ட வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார். கட்டடம் எழுப்ப அரசுக் காடுகளில் கொஞ்ச காலம் மரமும் இலவசம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த விலை குடியானவனுக்கு இல்லை, அரசரிடம் நேரடியாகப் பட்டா வாங்கிய பெரிய மனிதருக்கு. அவரிடமிருந்து நூறு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து, வீடு கட்டி உழப்போகிற ஆளுக்குக் கணக்கே வேறு. அந்த ஆளின் இடத்தில் நின்று, 1615 வாக்கில், எந்தப் பத்திரத்தில் யாரிடம் கையெழுத்துப் போடலாம் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குத்தகைத் தொகையைக் கடைசியாகப் பாருங்கள். எழுத்தில் இருக்கிறதா, எத்தனை காலம், தொகைக்கு மேல் என்னென்ன செய்ய வேண்டும், கொடுக்கிறவரின் சொந்தப் பட்டா கெட்டியா என்ற நாலும் அதற்கு முன்னால் வருகிறவை.

நிலம் எப்படிக் கைமாறியது என்பதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1607 செப்டம்பரில் டிரோன் பிரபு ஹியூ ஓ'நீலும் டிர்கோனல் பிரபு ரோரி ஓ'டோனலும் ரத்மல்லன் துறையிலிருந்து கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய்விட்டார்கள். அடுத்த வருடம் ஓ'டோஹர்ட்டியின் கிளர்ச்சி. இரண்டையும் காரணம் காட்டி ஆர்மா, கேவன், கொலரெய்ன், டொனகல், ஃபெர்மனா, டிரோன் ஆகிய ஆறு மாவட்டங்களை அரசு எடுத்துக்கொண்டது. கொலரெய்ன் மாவட்டம் பிறகு லண்டன்டெரி ஆனது. நிலம் 1,000, 1,500, 2,000 ஏக்கர் துண்டுகளாக மூன்று வகை ஆட்களுக்குப் போயிற்று. முதல் வகை, இங்கிலாந்து, ஸ்காட்லாந்திலிருந்து குடிகளைக் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்ட ‘அண்டர்டேக்கர்’கள். அடுத்தது ‘சர்விட்டர்’கள், அதாவது அயர்லாந்தில் அரசருக்காகப் போரிட்ட, பணியாற்றிய படைத்தலைவர்களும் அதிகாரிகளும். மூன்றாவது, அரசு நம்பத் தகுந்தவர்கள் என்று கருதிய உள்ளூர் ஐரிஷ்காரர்கள். 1,000 ஏக்கருக்கு அண்டர்டேக்கர் கட்ட வேண்டியதை மேலே சொன்னேன். சர்விட்டருக்கு 8 பவுண்டு. அவரும் பிரிட்டன் குடிகளை வைத்தால் அண்டர்டேக்கர் விலைக்கே இறங்கும். ஐரிஷ்காரருக்கு 10 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்னி, சரியாக இரண்டு மடங்கு. தன் பாட்டன் மேய்த்த அதே மண்ணுக்கு.

அண்டர்டேக்கரின் 1,000 ஏக்கர் எப்படிப் பிரிய வேண்டும் என்றும் அரசின் நிபந்தனைகள் சொல்லின. 300 ஏக்கர் அவருடைய சொந்தப் பண்ணை. தலைக்கு 120 ஏக்கர் வீதம் 2 பேருக்கு நிரந்தரக் குத்தகை. தலைக்கு 100 ஏக்கர் வீதம் 3 பேருக்கு மூன்று ஆயுள் அல்லது 21 வருடக் குத்தகை. மீதி 160 ஏக்கரில் சிறு விவசாயிகள், கைவினைஞர்கள், குடிசைக்காரர்கள் என்று குறைந்தது 4 குடும்பங்கள். கூட்டினால் அவரையும் சேர்த்து 10 குடும்பம், 18 வயது தாண்டிய ஆண்கள் 24 பேர். காகிதத்தில் அச்சுப் பிசகாமல் பொருந்துகிற கணக்கு. தரையில் ஒருநாளும் இப்படி இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஆனாலும் புதிதாக வருகிறவர் முன்னால் இருக்கும் வாய்ப்புகள் இவைதான்.

நிரந்தரக் குத்தகையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வருடத்துக்கு இவ்வளவு என்று ஒருமுறை குறித்துவிட்டால் உங்கள் பேரன் காலத்திலும் அதே தொகைதான். விலைவாசி ஏற ஏற அது இளைத்துக்கொண்டே போகும். விற்கலாம், பிள்ளைக்கு விடலாம், ஐரிஷ்காரருக்கு மட்டும் கைமாற்றக் கூடாது. இவ்வளவு நல்லது என்பதாலேயே நிலப்பிரபு இதைக் கொடுக்கத் தயங்குவார். கொடுத்தாலும் கையில் பெரிய தொகையைக் கேட்பார். ஊரில் இருந்ததை எல்லாம் விற்றுக்கொண்டு வந்தவருக்கு இது பொருந்தும். நாலு மாடும் ஓர் ஏரும் மட்டும் வைத்திருப்பவருக்கு அல்ல.

உண்மையான குழப்பம் அடுத்ததில்தான்.

ஆயுளா, வருடமா

மூன்று ஆயுள் குத்தகை என்பது இன்று படிக்கும்போது விசித்திரமாகப் படும். பத்திரத்தில் மூன்று பேரின் பெயரை எழுதுவார்கள். பெரும்பாலும் குத்தகைக்காரர், மனைவி, ஒரு பிள்ளை. மூவரில் கடைசி ஆள் உயிரோடு இருக்கும்வரை நிலம் உங்கள் குடும்பத்திடம். அவர் கண்ணை மூடினால் குத்தகையும் முடிந்தது. 21 வருடக் குத்தகையில் இந்தச் சிக்கல் ஏதும் இல்லை, தேதி வந்தால் முடிந்தது.

ஓர் ஆயுளுக்கு 7 வருடம், மூன்று ஆயுளுக்கு 21 வருடம் என்று அந்தக் காலத்துச் சட்ட வழக்கம் ஒரு பொதுக் கணக்கு வைத்திருந்தது. அதனால்தான் அரசின் நிபந்தனையிலும் இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. நிலப்பிரபுவின் ஆள் உங்களிடமும் ‘இரண்டும் ஒன்றுதான், எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்’ என்பான். ஒன்றே இல்லை. 30 வயதுக்காரர் தன்னையும் மனைவியையும் 10 வயது மகளையும் எழுதிவைத்தால், அந்தப் பெண் 55 வயதுவரை இருந்தாலே 45 வருடம் கிடைத்துவிடுகிறது. 21 வருடத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல், குத்தகைத் தொகை ஒரு பென்னி ஏறாமல்.

ஆகவே யாருடைய பெயரை எழுதுவது என்பதில்தான் சாமர்த்தியம். கைக்குழந்தையை எழுதினால் கணக்கில் அதிக வருடம் வரும் என்று தோன்றும். ஆனால் அந்தக் காலத்தில் பிறந்த குழந்தைகளில் எத்தனை ஐந்து வயதைத் தாண்டின? அம்மை, காய்ச்சல் எல்லாம் கடந்துவந்த எட்டு, பத்து வயதுப் பிள்ளையே மேல். மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களாக இருந்தால் ஒரே கொள்ளைநோயில் மூவரும் போகலாம். கடலுக்கு அப்பால் ஸ்காட்லாந்தின் ஏர்ஷயரில் இருக்கும் தங்கை மகன் பெயரை எழுதலாமா? எழுதலாம். ஆனால் அவன் உயிரோடு இருக்கிறான் என்று யார் நிரூபிப்பது? இந்தத் தொல்லை பெரிதாகித்தான் இங்கிலாந்தில் 1666இல் ஒரு சட்டமே போட்டார்கள்: பத்திரத்தில் பெயருள்ளவர் ஏழு வருடம் கண்ணில் படாமல், இருப்பதற்கான அத்தாட்சியும் இல்லாமல் போனால் இறந்ததாகவே கொள்ள வேண்டும் என்று. கடற்கரைப் பக்கம் நிலம் எடுக்கிறவர் மாலுமியின் பெயரை எழுதாமல் இருப்பது நல்லது.

இன்னொரு வித்தியாசம் சட்ட அந்தஸ்து. ஆயுள் குத்தகை நிலவுடைமைக்குச் சமமாக எண்ணப்பட்டது. ஜூரியில் உட்காரலாம். செலவுபோக வருடத்துக்கு 40 ஷில்லிங் மதிப்புத் தேறினால் மாவட்டத் தேர்தலில் வாக்கும் உண்டு. 21 வருடக் குத்தகை என்னதான் பெரிய நிலமாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் ஆடுமாடு, தட்டுமுட்டுச் சாமான் வரிசையில்தான் வரும். அதில் ஒரு வசதியும் இருக்கிறது. சாமான் என்பதால் உயிலில் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், எளிதாக விற்கலாம், அடகு வைக்கலாம்.

பத்திரம் முடிக்கும் விதமும் வேறு. இரண்டுக்குமே ஒரே தோலில் வாசகத்தை இருமுறை எழுதி, நடுவில் நெளிநெளியாக வெட்டி ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வது வழக்கம். பின்னால் தகராறு வந்தால் இரண்டு பாதியின் நெளிவும் பொருந்துகிறதா என்று வைத்துப் பார்ப்பார்கள். பொருந்தாவிட்டால் ஒன்று போலி. 21 வருடத்துக்கு இதுவே போதும், நீங்கள் போய் நிலத்தில் இறங்கிக்கொள்ளலாம். ஆயுள் குத்தகைக்கு இது போதாது. சாட்சிகளோடு அந்த நிலத்துக்கே போய், நிலப்பிரபுவோ அவருடைய வக்கீலோ ஒரு புல்கட்டியையோ மரக்கிளையையோ பிடுங்கி உங்கள் கையில் கொடுத்து ‘நிலத்துக்கு அடையாளமாக இதை ஒப்படைக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். பத்திரத்தின் பின்பக்கம் அதைக் குறித்துச் சாட்சிகள் கையெழுத்தோ அடையாளமோ இட வேண்டும். மழை, சேறு, அவசரம் என்று இதைத் தள்ளிப்போட்டால் கையில் இருக்கும் அழகான பத்திரம் ஆயுள் குத்தகையாகச் செல்லாது. அந்தப் பின்பக்கக் குறிப்பு எழுதாமல் வீட்டுக்குத் திரும்பக் கூடாது.

ஆயுள் குத்தகையின் பெரிய குறை, முடிவு எப்போது என்று தெரியாதது. இரண்டு பேர் போய்விட்டு மூன்றாவது ஆள் படுக்கையில் கிடக்கும்போது யார் புது வேலி போடுவார், கொட்டகை கட்டுவார்? ஒரு சின்ன ஆறுதல், விதைத்த பிறகு அந்த உயிர் போனால் அந்த வெள்ளாமையை அறுத்துக்கொள்ளப் பொதுச்சட்டம் விட்டது. தேதி போட்ட குத்தகையில் அந்தச் சலுகை கிடையாது, முடியும் தேதி தெரிந்தே விதைத்தாய் என்பார்கள். வீடு, வேலி, நட்ட மரம் எல்லாம் இரண்டு வகையிலும் கடைசியில் நிலத்தோடு நிலப்பிரபுவுக்கே போய்ச் சேரும். 21 வருடத்தில் அதன் விளைவு இன்னும் பளிச்சென்று தெரியும். முதல் பத்து வருடம் உழைத்துச் சீர்திருத்துவீர்கள். பதினேழு, பதினெட்டாவது வருடத்தில் எரு போடக் கை வராது. போட்டால், நிலம் நன்றாக இருக்கிறது என்று புதுக் குத்தகைக்கு அதிகம் கேட்பார்கள்.

சரி, எது? பிள்ளைகள் உள்ள, அங்கேயே தங்கிவிட நினைக்கிற குடும்பம் ஆயுளை எடுக்கட்டும். கூடவே, ஒரு பெயர் விழும்போது இன்ன தொகை கட்டினால் புதுப்பெயர் சேர்க்கலாம் என்ற வரியையும் கேட்டு வாங்கட்டும். குழந்தை இல்லாத நடுவயதுக்காரர், கொஞ்சம் சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்பலாம் என்றிருப்பவர், கடன் வாங்கித் தொழில் செய்யும் தோல் பதனிடுபவர், கொல்லர் போன்றவர்கள் 21 வருடத்தை எடுப்பதே சரி. ஸ்காட்லாந்தில் ஓரிரு வருடக் குத்தகையிலேயே காலம் தள்ளிப் பழகியவருக்கு இந்த 21கூட அதிசயமாகத்தான் இருந்திருக்கும். முதல் வருடங்களில் ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதால், 24 ஆண்களைக் கணக்குக் காட்டியாக வேண்டிய நிலப்பிரபுதான் நெருக்கடியில் இருப்பார். 31 வருடம், 41 வருடம் என்று கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

வாக்குக் கொடுத்திருக்கிறார் என்றால்

நாலாவது வகை, பத்திரமே இல்லாத குத்தகை. ‘முதலில் வந்து உட்கார், வீட்டைக் கட்டு, பத்திரத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.’ அரசின் நிபந்தனை இதைத் தெளிவாகத் தடுத்திருந்தது. நினைத்த நேரம் எழுப்பிவிடும்படியாக யாருக்கும் நிலம் விடக் கூடாது, வருடக் கணக்கிலோ ஆயுள் கணக்கிலோ நிரந்தரமாகவோ உறுதியான உரிமை கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் 1618, 1619இல் கேப்டன் நிக்கலஸ் பின்னார் என்பவர் அரசுக்காக ஊர் ஊராகப் போய் ஆய்வு செய்தபோது, பல பண்ணைகளில் குடிகள் கையில் பத்திரம் இல்லை, வாக்குறுதி மட்டுமே என்று திரும்பத் திரும்பக் குறிக்க வேண்டியிருந்தது. குடியேற்றம் தொடங்கி எட்டு, ஒன்பது வருடம் ஆன பிறகு.

நிலப்பிரபு ஏன் இழுத்தடித்தார் என்பது புரியாத புதிர் அல்ல. பத்திரம் கொடுத்தால் தொகை 21 வருடத்துக்கு உறைந்துவிடும். கொடுக்காமல் வைத்திருந்தால், நாளை இன்னொருவன் அதிகம் தருவான், அல்லது பண்ணையையே விற்றுவிட்டுப் போகலாம். பத்திரத்தில் கட்டுண்ட குடிகள் இல்லாத பண்ணைக்கு நல்ல விலை. ஆரம்பத்தில் வந்த இங்கிலாந்து அண்டர்டேக்கர்கள் பலர் கொஞ்ச வருடத்திலேயே விற்றுவிட்டுப் போனார்கள் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். புதிதாக வாங்கியவர் ‘அவர் சொன்ன வாக்குக்கு நான் பொறுப்பா?’ என்றால் பதில் சொல்ல ஆளில்லை. குறைந்த தொகைக்கு வாய்வார்த்தை, கூடின தொகைக்குப் பத்திரம் என்று இரண்டு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதை எடுக்கலாம்.

தொகைக்கு அப்பால்

குத்தகைப் பணம் பொதுவாக வருடத்துக்கு இரண்டு தவணை, பல பத்திரங்களில் மே மாதமும் நவம்பரும். தவணை தவறினால் நிலப்பிரபு வந்து மாட்டை ஜப்தி செய்யலாம். குறிப்பிட்ட நாள்வரை கட்டாவிட்டால் நிலத்தையே திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற வரியும் பத்திரத்தில் இருக்கும். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். மற்றவைதான் மெதுவாக அரிப்பவை.

கொழுத்த கோழிகள். அறுவடையில் நிலப்பிரபுவின் வயலில் இத்தனை நாள் ஆள்வேலை, குதிரையோடு இத்தனை நாள். எரிப்பதற்குச் சதுப்புநிலக் கரிமண்ணை வெட்டிக் காயவைத்து அவர் வீட்டுக்கு வண்டியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. தானியத்தை அவருடைய ஆலையில்தான் அரைக்க வேண்டும், ஒரு பங்கை அங்கே விட்டுவிட்டு வர வேண்டும். பக்கத்து ஆலை அருகில் இருந்தாலும் அங்கே போகக் கூடாது. நிலப்பிரபு நடத்தும் பண்ணை நீதிமன்றம் கூடும் நாளில் ஆஜராக வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். குடும்பத் தலைவர் இறந்தால் தொழுவத்திலேயே நல்ல மாடு நிலப்பிரபுவுக்கு. துக்க வீட்டில் வந்து மாட்டை அவிழ்ப்பதற்கும் ஒரு சட்டம் இருந்திருக்கிறது.

இவற்றில் எல்லாம் ‘இத்தனை’ என்ற எண்ணைக் கவனியுங்கள். ‘ஆறு நாள் வேலை’ என்று எழுதியிருந்தால் ஆறு நாள். ‘வழக்கப்படி’ என்று எழுதியிருந்தால் அது எவ்வளவு வேண்டுமானாலும் நீளும். நிச்சயமற்ற குத்தகை வாங்கக் கூடாது, நாட்டு வழக்கத்தைக் காட்டிப் பழைய ஐரிஷ் பிரபுக்களைப் போல விருந்து, தீவனம் என்று வசூலிக்கக் கூடாது என்று அரசின் நிபந்தனை சொன்னது குடியானவனுக்குக் கையில் கிடைத்த நல்ல ஆயுதம். பேரம் பேசும்போது அதைச் சொல்லிக் காட்டலாம். கோழியையும் நாள்வேலையையும் பணமாக மாற்றிக் கட்டும் உரிமையையும் கேட்டு எழுதிக்கொள்ளலாம். தூரத்தில் நிலம் எடுப்பவருக்கு, கொஞ்சம் கூடுதல் பணம் கொடுத்து அறுவடை நாட்களை மீட்டுக்கொள்வது லாபம். மழை விட்டிருக்கும் அந்த நாலு நாளில்தானே உங்கள் ஓட்ஸும் அறுக்க வேண்டும்?

குடியேற்றத்துக்கே உரிய கடமைகளும் உண்டு. அரசரே திருச்சபைக்குத் தலைவர் என்று சத்தியம் செய்ய வேண்டும். வீட்டை நிலப்பிரபுவின் மதில் சூழ்ந்த முற்றத்துக்குப் பக்கத்தில், மற்றவர்களோடு கூட்டமாகக் கட்ட வேண்டும், ஆபத்து வந்தால் எல்லோரும் உள்ளே ஓடிவர வசதியாக. நிலப்பிரபு ஆயுதம் வைத்திருக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை குடிகளை வரிசையில் நிறுத்திக் காட்ட வேண்டும். வீட்டு விதியைப் பெரும்பாலும் யாரும் மதிக்கவில்லை. நிலம் ஓரிடம், வீடு ஓரிடம் என்றால் மாட்டை யார் பார்ப்பது? அவரவர் நிலத்திலேயே கட்டிக்கொண்டு சிதறிப்போனார்கள். ஆயுதக் கதையும் அப்படித்தான். 1630ஐ ஒட்டி எடுத்த படைக்கணக்கில் அல்ஸ்டர் முழுக்கச் சுமார் 13,000 பேர் பதிவாகிறார்கள், அவர்களில் ஏராளமானோர் கையில் ஆயுதமே இல்லை. இப்படி மீறப்படும் விதிகள் குடியானவனுக்கு லாபம் என்று தோன்றும். ஆனால் பத்திரத்தில் அந்த வரி இருந்து நீங்கள் மீறியிருந்தால், உங்களை எழுப்ப நினைக்கும் நாளில் நிலப்பிரபுவுக்கு அதுவே காரணமாகப் போதும். நிறைவேற்ற உத்தேசம் இல்லாத வரியை எழுதவிடாமல் பார்த்துக்கொள்வதே மேல்.

தசமபாகத்தைப் பற்றி ஒரு வரி. அது நிலப்பிரபுவுக்கு இல்லை, அரசுத் திருச்சபைக்கு. விளைச்சலில் பத்தில் ஒன்று, அல்ஸ்டரில் பாலிலும் கேட்டுப் பெரிய மனக்கசப்பு ஆயிற்று. எந்தப் பத்திரம் எடுத்தாலும் இது தப்பாது, ஆகவே ஒப்பிட ஒன்றுமில்லை.

யாரிடம் எடுப்பது

ஏக்கர் என்றால் எந்த ஏக்கர் என்று முதலில் கேளுங்கள். ஐரிஷ் ஏக்கர் 7,840 சதுர கஜம், இங்கிலாந்தில் பொதுவான ஏக்கர் 4,840. அளவுகோல் 21 அடியா, 16½ அடியா என்பதில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் வித்தியாசம். அதோடு அரசுப் பங்கீட்டில் விளையும் நிலத்தை மட்டுமே கணக்கிட்டு, சதுப்பு, காடு, மலை எல்லாவற்றையும் சும்மா சேர்த்துக் கொடுத்தார்கள். விளையும் நிலத்தையும் குறைத்தே மதித்ததால் 1,000 ஏக்கர் என்று வாங்கியவரிடம் அதைப் போலப் பல மடங்கு இருந்தது. உங்களுக்கு உள்குத்தகை விடும்போது அவர் அதே தாராளத்தோடு அளப்பாரா என்பதே கேள்வி. எல்லையை ஓடை, பாறை, பக்கத்து நிலத்தின் பெயர் சொல்லி எழுதவைப்பது ஏக்கர் எண்ணைவிடப் பாதுகாப்பு.

நிலப்பிரபு ஊரில் இருப்பவரா என்பது அடுத்தது. ஐந்து வருடம் பண்ணையிலேயே இருக்க வேண்டும் என்பது விதி. இருக்கிறவர் என்றால் பழுதுக்கும் தகராறுக்கும் நேரில் போய் நிற்கலாம். இல்லாதவர் என்றால் காரியஸ்தன் ராஜ்யம்.

லண்டன் வணிகக் குழுமங்களின் நிலம் தனிக் கதை. லண்டன்டெரி மாவட்டம் முழுவதும் லண்டன் மாநகரத்தின் பொறுப்பில் விடப்பட்டு, துணி வணிகர், மளிகை வணிகர், மீன் வணிகர் போன்ற 12 பெரிய குழுமங்களுக்குப் பங்காகப் போயிற்று. பணம் படைத்தவர்கள், அரசுக்கு வேண்டியவர்கள், இதைவிடக் கெட்டியான இடம் எது என்று யாரும் நினைப்பார்கள். நடந்தது வேறு. குழுமங்கள் தாமே குடிகளைப் பார்க்காமல் மொத்த நிலத்தையும் இடைத்தரகர்களுக்கு நீண்ட குத்தகைக்கு விட்டன. ஸ்காட்லாந்துக்காரர் சர் ராபர்ட் மெக்லெலண்ட் இரண்டு குழுமங்களின் நிலத்தை எடுத்துத் தன் ஊர்ப் பக்கத்து ஆட்களை இறக்கினார். அப்புறம் 1635இல், ஐரிஷ் குடிகளை வெளியேற்றவில்லை, ஒப்புக்கொண்டபடி கட்டவில்லை என்று லண்டன் நகரத்தின் மேல், அரசரின் ஆலோசகர்கள் உட்கார்ந்து விசாரிக்கும் ‘நட்சத்திர அறை’ நீதிமன்றத்தில் தீர்ப்பாயிற்று. 70,000 பவுண்டு அபராதம், சாசனமும் பறிபோயிற்று. மேலே உள்ளவரின் பட்டா ரத்தானால் அவருக்குக் கீழே நீங்கள் வாங்கிய பத்திரம் எதன்மேல் நிற்கும்? அரசு ஆணையர்கள் வந்து கூடுதல் தொகைக்குப் புதிய குத்தகை எழுதினார்கள். குத்தகைக்காரர் ஒரு தவணைகூடத் தவறவில்லை என்பது அங்கே எடுபடவில்லை.

1615இல் இதை யாரும் கண்டிருக்க முடியாது. ஆனாலும் நிலப்பிரபு அரசிடம் ஒப்புக்கொண்ட மதில், வீடு, ஆள் எண்ணிக்கை எதையும் முடிக்காமல் இருக்கிறார் என்றால், அது அவருடைய பிரச்சினை மட்டும் இல்லை என்று அப்போதே தெரிந்திருக்கும். முற்றத்து மதில் எவ்வளவு உயரம் எழும்பியிருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.

ஐரிஷ் விவசாயிக்கு என்ன வழி

இதுவரை சொன்ன பேரம், பெயர் தேர்வு எல்லாம் கடல் தாண்டி வந்தவருக்கு. அங்கேயே பிறந்தவருக்கு அண்டர்டேக்கர் நிலத்தில் பத்திரம் கேட்கும் உரிமையே இல்லை, வெளியேற வேண்டும் என்பது உத்தரவு. அவருடைய பழைய உரிமைகளை அரசுத் தரப்பு வழக்கறிஞர் சர் ஜான் டேவிஸ் காலத்துத் தீர்ப்புகள் ஏற்கெனவே செல்லாமல் ஆக்கிவிட்டன. குலத்துக்குள் நிலம் பங்கிடும் முறை 1606இலும், குலத்தின் தலைவராகத் தேர்ந்தவருக்கே நிலம் போகும் தலைமை வழி உரிமை 1608இலும் போயின.

அப்படியும் அவரை வெளியேற்றவில்லை. கெடு மாற்றி மாற்றித் தள்ளிப்போடப்பட்டது. காரணம் கருணை இல்லை. ஐரிஷ்காரர் அதிகத் தொகை கொடுத்தார், பத்திரம் கேட்கவில்லை, முதல் குளிர்காலத்தில் நிலப்பிரபுவுக்கு வெண்ணெயும் ஓட்ஸும் அவரிடமிருந்துதான் வந்தன. ஆக அவருக்கு முன்னால் முதல் வழி, இருக்கிற இடத்திலேயே வருடத்துக்கு வருடம், கூடுதல் தொகைக்கு, எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றக்கூடிய நிலையில் இருப்பது.

இரண்டாவது, சர்விட்டர் நிலத்துக்குப் போவது. அங்கே ஐரிஷ் குடி வைப்பது சட்டப்படி சரி. மூன்றாவது, பட்டா பெற்ற ஐரிஷ் பிரபுவிடம் போவது. ஃபெர்மனாவில் கானர் ரோ மகுவைர் போல அவர்கள் சிலர் உண்டு. மொழியும் உறவும் அங்கே ஒத்துப்போகும். ஆனால் அவர் அரசுக்குக் கட்டுவது இரு மடங்கு. அந்தப் பாரம் கீழேதான் இறங்கும். இந்தப் பிரபுக்கள் பலர் கடனில் விழுந்து நிலத்தை அடகு வைத்தும் விற்றும் போனார்கள், 1641க்குள் அவர்களிடம் இருந்தது வெகுவாகச் சுருங்கிவிட்டது. உறவை நம்பிப் போனவர் கடைசியில் புது முதலாளியின் குடியாகி நின்றார். நாலாவது, பிஷப்புகளின் நிலம். அங்கேயும் ஐரிஷ்காரருக்குத் தடை இல்லை, தலைமுறை தலைமுறையாகத் திருச்சபை நிலத்தைப் பார்த்துவந்த குடும்பங்கள் பல அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. எங்கே போனாலும் ஞாயிறு அரசுத் திருச்சபைக் கோயிலுக்குப் போகாததற்கு வாரம் 12 பென்னி அபராதம் என்ற சட்டம் தலைக்கு மேல் தொங்கியது. குதிரை வாலில் கலப்பையைக் கட்டி உழும் பழைய முறைக்கு ஏருக்கு 10 ஷில்லிங் தண்டமும் வாங்கினார்கள்.

1628க்குப் பிறகு ஐந்தாவதாக ஒன்று வந்தது. அண்டர்டேக்கர்கள் அரசுக்கு இரட்டை வரி கட்டிப் புதுப் பட்டா வாங்கினால், பண்ணையில் கால் பங்கில் ஐரிஷ் குடிகளைச் சட்டப்படியே வைத்துக்கொள்ளலாம், அவர்களுக்கும் 21 வருடமோ மூன்று ஆயுளோ கொடுக்கலாம் என்றானது. மீதி முக்கால் பங்கில் இருப்பவர்கள் கிளம்ப வேண்டும். அந்தக் கால் பங்கு பண்ணையின் எந்த மூலை என்பதைக் குறிக்கிறவர் நிலப்பிரபு.

என்னைக் கேட்டால், 1615இல் சர்விட்டரிடம் எழுத்தில் எது கிடைத்தாலும், ஏழு வருடமானாலும், அதை எடுப்பேன். பழைய இடத்தில் மாடு பழகிய மேய்ச்சல் இருக்கலாம், கல்லறை இருக்கலாம். ஆனால் அங்கே இருப்பதே சட்டவிரோதம் என்பதால், எழுப்பப்படும் நாளில் எந்த நீதிமன்றத்திலும் வாய் திறக்க முடியாது. சர்விட்டர் ஏமாற்றினால் வழக்காவது போடலாம். பிஷப்பின் நிலத்தில் ஏற்கெனவே இருப்பவர் மட்டும் நகர வேண்டாம். அங்கே தொகை கூடினாலும், இனம் பார்த்து வெளியேற்றும் விதி அந்த நிலத்துக்கு இல்லை.